ஒலிச்சிதைவு நம் காதுக்குக் கேட்கிறதா?

முன்னுரை

திருமண மண்டபம், கோயில் திருவிழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், நம் பல்கலைக்கழகக் கலை இரவு என எதை எடுத்துக்கொண்டாலும், ஒலிபெருக்கி இல்லாத தமிழர் நிகழ்ச்சியே பினாங்கில் இல்லை எனலாம். அந்நிகழ்ச்சிகளில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "சவுண்டு சரியில்லை, கரகரன்னு இருக்கு" என்பதே அது. இந்தக் கரகரப்பைத்தான் ஆங்கிலத்தில் டிஸ்டார்ஷன் என்கிறார்கள். ஆறாம் ஆண்டோடு தமிழில் அறிவியல் படிப்பது எனக்கு நின்றுபோனதால், இதற்குரிய தமிழ்ச்சொல்லைத் தேட வேண்டியிருந்தது. இக்கட்டுரையில் இதனை ஒலிச்சிதைவு என்றே குறிப்பிடுகிறேன்.

இதனை ஆராய எனக்கு ஒரு காரணமும் உண்டு. என் அப்பா ஜோர்ஜ்டவுனில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் தொழில் செய்பவர். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில், "உங்க ஆம்ப்ளிபையர் பழசாயிடுச்சு, மாத்துங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் பலர் முன்னிலையில் சொல்லிவிட்டனர். அப்பாவும் மனம் வருந்திப் புதிய ஆம்ப்ளிபையர் ஒன்றை விலை விசாரித்தார். பழையதன் ஒலிச்சிதைவு 0.1 விழுக்காடு, புதியதில் 0.01 விழுக்காடுதான் என்று கடைக்காரர் கூறினார். விலை 4,800 வெள்ளி. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது சிறிய தொகையன்று. வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும் என்று தோன்றியது. 0.1 விழுக்காட்டிற்கும் 0.01 விழுக்காட்டிற்கும் உள்ள வேறுபாடு மனிதக் காதுக்குக் கேட்குமா?

ஒலிச்சிதைவு என்றால் என்ன?

ஒரு கருவிக்குள் செல்லும் ஒலியலை எந்த வடிவில் செல்கிறதோ, அதே வடிவில் பெரிதாகி வெளிவர வேண்டும். வடிவம் மாறினால், உள்ளே செல்லாத புதிய ஒலிகள் வெளியே வருகின்றன. ஒற்றைச் சுரம் ஒன்றைச் செலுத்தினால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மடங்குச் சுரங்கள் தோன்றும். இவற்றை மூலச் சுரத்தோடு ஒப்பிட்டுக் கூறுவதே அந்த விழுக்காட்டுக் கணக்கு. 1 விழுக்காடு என்றால் சிதைவு மூல ஒலியைவிட 40 டெசிபல் தாழ்வாக இருக்கிறது, 0.1 விழுக்காடு என்றால் 60 டெசிபல், 0.01 என்றால் 80 டெசிபல்.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஸட்ஜத்தைச் செலுத்தினால் இரண்டாம் மடங்கு மேல் ஸட்ஜமாகவும், மூன்றாம் மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமமாகவும், ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரமாகவும் ஒலிக்கும். இவை யாவும் ஸட்ஜத்தோடு இழைந்து போகும் சுரங்கள். ஆகையால் இவை சற்றுக் கூடினாலும் ஒலி கொஞ்சம் தடிப்பாகத் தோன்றுமே தவிர, கெட்டுவிட்டதாகத் தோன்றாது. ஆனால் ஏழாம் மடங்கு எந்தச் சுரத்தானத்திலும் சரியாக அமர்வதில்லை. அதற்கு மேலுள்ள மடங்குகள் பலவும் அப்படியே. அவை கூடும்போதுதான் கரகரப்புக் கேட்கிறது.

இரண்டு சுரங்கள் ஒருங்கே சென்றால் நிலைமை மேலும் சிக்கலாகிறது. 440 ஹெர்ட்ஸும் 600 ஹெர்ட்ஸும் சேர்ந்து சென்றால், சிதைவினால் 160, 280, 760, 1040 ஹெர்ட்ஸ் போன்ற அந்நிய ஒலிகள் பிறக்கின்றன. இவை அவ்விரு சுரங்களின் மடங்குகள் அல்ல. இசையோடு இயைவதும் இல்லை. தனிப் புல்லாங்குழலில் தெரியாத சிதைவு, பல கருவிகளும் குழுவினர் குரலும் சேர்ந்த திரைப்பாடலில் தெரிவதற்கு இதுவே காரணம்.

சிதைவு எல்லாம் தீமையா?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், ஒளியாய்வுக்காக 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் என்பது நாம் அறிந்ததே. அதற்கு முன்பே அவர் நம் இசைக்கருவிகளை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரிய பூச்சினால், அதன் மேற்சுரங்கள் முறையான மடங்குகளாக அமைகின்றன என்பதை 1920இல் விளக்கினார். 1921இல் தம்புரா, வீணை ஆகியவற்றின் பாலத்தைப் பற்றி எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலோ அந்த மேற்சுரங்களும் ஒலிப்பதை அவர் கண்டார். வளைந்த பாலத்தின்மீது தந்தி உரசி உரசி விலகுவதால் இது நிகழ்கிறது. சிறு நூலை வைத்து 'ஜீவா' பிடிப்பதும் இதற்காகவே.

இயற்பியல் நோக்கில் பார்த்தால், தந்தியின் அலைவடிவம் பாலத்தில் மாற்றப்பட்டுப் புதிய மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன. ஆம்ப்ளிபையரில் நாம் குறை என்று சொல்வதற்கு இது நெருங்கிய உறவுடையது. தம்புராவில் அதையே உயிர் என்கிறோம். ஆகவே காது எல்லாச் சிதைவையும் வெறுப்பதில்லை. எந்த வகைச் சிதைவு என்பதைப் பார்க்கிறது என்பது தெளிவாகிறது.

மீட்டர் சொல்வதும் காது சொல்வதும்

மின்னணுத் துறைக்கும் பினாங்கிற்கும் உள்ள தொடர்பு நீண்டது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களுள் கார் ஒலிக்கருவி செய்யும் கிளாரியனும், போஷ் நிறுவனமும் அடங்கும். நம் தாய்மார்கள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். என் அம்மாவும் திருமணத்திற்கு முன் ஒரு தொழிற்சாலையில் கார் வானொலிகளைச் சோதிக்கும் வரிசையில் இருந்தார். "பாட்டெல்லாம் கேட்டதே இல்லம்மா. ஒரே விசில் சத்தந்தான். முள்ளு கோட்டைத் தாண்டலன்னா 'லூலூஸ்' முத்திரை குத்தி அனுப்பிடுவோம்" என்று அவர் கூறுவார். அந்த விசில் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரமாகும்.

ஒரு கருவி பழுதின்றிச் செய்யப்பட்டிருக்கிறதா என்று அறிய இம்முறை போதும். ஆனால் காதுக்கு எப்படிக் கேட்கும் என்பதை அந்த ஒற்றை எண் கூறாது. இதனை ஆய்வாளர்கள் வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்தனர். 1950இல் பி.பி.சி.யைச் சேர்ந்த ஷார்ட்டர் என்பவர், எல்லா மடங்குகளையும் சமமாகக் கூட்டக் கூடாது. உயர் மடங்குகளுக்கு அதிக மதிப்புத் தர வேண்டும் என்று ஒரு கணக்கை முன்வைத்தார். 2003இல் கெடிஸ், லீ ஆகிய இருவரும் கேட்போரைக் கொண்டு சோதித்தபோது, வழக்கமான விழுக்காட்டு எண்ணுக்கும் கேட்பவர் உணரும் குறைக்கும் பயன்தரத்தக்க தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

இதற்கு அடிப்படை, நம் காதின் 'மறைத்தல்' என்னும் இயல்பு. உரத்த ஓர் ஒலி, அதற்கு அருகிலும் சற்று மேலும் உள்ள மெல்லிய ஒலிகளைக் கேட்காமல் மறைத்துவிடும். இரண்டாம், மூன்றாம் மடங்குகள் மூலச் சுரத்துக்கு அருகில் இருப்பதால் மறைந்துபோகின்றன. உயர் மடங்குகள் தொலைவில் நிற்பதால் மறைவதில்லை.

மேலும், காதே சிதைவை உண்டாக்குகிறது என்பது வியப்பான செய்தியாகும். இரண்டு சுரங்களைக் கேட்கும்போது உள்காது மூன்றாவது ஒலியொன்றைத் தானே பிறப்பிக்கிறது. காதிலிருந்து ஒலி வெளிவருவதை 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதிக்க மருத்துவமனைகளில் இன்று பயன்படும் முறைகளுள் ஒன்று இதன் அடிப்படையில் அமைந்ததே.

கண்ணை மூடிக் கேட்டல்

கருவியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அதன் விலையும் பெயரும் நம் தீர்ப்பை மாற்றிவிடும். 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் ஒலிபெருக்கிகளைத் திரைக்கு முன்னும் திரைக்குப் பின்னும் வைத்துச் சோதித்துக் காட்டிய உண்மை இது. அதனால்தான் ஏ.பி.எக்ஸ். என்னும் முறை பின்பற்றப்படுகிறது. 'ஏ' ஓர் ஒலி, 'பி' மற்றோர் ஒலி. 'எக்ஸ்' என்பது இவ்விரண்டில் ஒன்று. எது என்று யாருக்கும் தெரியாது. கேட்பவர்தாம் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்திலேயே பாதி சரியாகிவிடும் என்பதால், 16 முறைக்குக் குறைந்தது 12 சரியாக இருந்தால்தான் வேறுபாடு கேட்டதாகக் கொள்வது வழக்கம். ஊகத்தால் அவ்வளவு வருவதற்குள்ள வாய்ப்பு ஏறக்குறைய 3.8 விழுக்காடுதான்.

1987இல் ஸ்டீரியோ ரிவ்யூ என்னும் அமெரிக்க இதழ், சுமார் 200 டாலர் முதல் 12,000 டாலர் வரை விலையுள்ள ஆம்ப்ளிபையர்களை இவ்வாறு 25 பேரிடம் சோதித்தது. வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர்களும் அதில் இருந்தனர். கிடைத்த விடைகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ஒலிச்சிதைவைவிடச் சற்று விலகிய பொருளாயினும், 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தார். குறுந்தட்டைவிட நுண்மையான பதிவுகளை வேறுபடுத்த முடியுமா என்பதே கேள்வி. மொத்தத்தில் 52.3 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. கேட்கும் திறன் பிறவியில் வருவது மட்டுமன்று, பழக்கத்தாலும் வருகிறது என்பதை இது காட்டுகிறது.

வீட்டில் செய்த சோதனை

இவற்றைப் படித்த பிறகு நானும் ஒரு சிறு சோதனை செய்தேன். மடிக்கணினி, நல்ல காதணிக் கேட்பான், இலவச மென்பொருள்கள் ஆகியவையே கருவிகள். கேட்டவர்கள் மூவர்: அப்பா, விடுதியில் என் அறைத்தோழி, நான். தோழி 900 வெள்ளிக்குக் கேட்பான் வாங்கி, "எனக்கு எல்லாமே கேட்கும்" என்று சொல்பவள். ஒரே திரைப்பாடலை மூன்று விதமாக மாற்றினேன். எல்லாவற்றின் உரப்பையும் சமமாக்கினேன். சற்று உரத்து ஒலிப்பது நல்ல ஒலியாகத் தோன்றிவிடும் என்பதால் இது மிக முக்கியம்.

முதல் சோதனையில் இரண்டாம், மூன்றாம் மடங்குகளை 1 விழுக்காடு சேர்த்தேன். இது கடைக்காரர் குறைகூறிய பழைய ஆம்ப்ளிபையரைப் போல் பத்து மடங்கு. 16க்கு நான் 9, தோழி 7, அப்பா 8. யாருக்கும் கேட்கவில்லை என்பதே பொருள்.

இரண்டாம் சோதனையில் அலையின் முகடுகளை 6 டெசிபல் அளவுக்கு வெட்டினேன். ஆம்ப்ளிபையர் தன் ஆற்றலுக்கு மேல் முடுக்கப்பட்டால் இதுதான் நிகழும். முகடு தட்டையாக வெட்டுப்படுவதால் உயர் மடங்குகள் ஏராளமாகப் பிறக்கும். அப்பா 15, தோழி 12, நான் 11. மூன்றாவதில் 3 டெசிபல் மட்டும் வெட்டினேன். தோழி 9, நான் 8, அப்பா 13.

மூன்று பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் அப்பாவின் எண்ணிக்கை என்னைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்குச் செவிச்சோதனை நடந்தது. 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் வரைகோடு பள்ளமாக இறங்கியிருந்தது. பெருஞ்சத்தத்தால் காது பழுதாகும்போது முதலில் தோன்றும் அடையாளம் இதுவே. 6000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவருக்கு எதுவுமே கேட்பதில்லை. அப்படியிருக்க, நல்ல காதுள்ள எங்கள் இருவரையும் அவர் எப்படி விஞ்சினார்?

"மூணாவதுல பாட்டு மூச்சு முட்டுதும்மா. தபேலா அடிக்கிற கை பாதியிலேயே நின்னுடுது" என்றார். விடை அதில் இருக்கிறது. 300 ஹெர்ட்ஸில் பாடும் குரல் வெட்டுப்பட்டால் 900, 1500, 2100 ஹெர்ட்ஸில் சிதைவு தோன்றும். இவை யாவும் அவருக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் உள்ளவை. எதைக் கேட்க வேண்டும் என்பதை 26 ஆண்டுத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாங்கள் உயர்ந்த சுரங்களில் எதையோ தேடிக்கொண்டிருந்தோம்.

மண்டபத்தில் கண்டது

அப்படியானால் அந்தத் திருமணத்தில் கரகரத்தது எது? அடுத்த நிகழ்ச்சிக்கு நானும் உடன் சென்றேன். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிவைத்து முழங்கினார். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். ஒவ்வொரு முழக்கத்திற்கும் மிக்சரில் அந்த ஒலிவாங்கிக்குரிய சிவப்பு விளக்கு மின்னியது. சிதைவு ஆம்ப்ளிபையருக்குள் நுழைவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது! 4,800 வெள்ளிக்குப் புதிய கருவி வாங்கியிருந்தால், வெட்டுப்பட்ட அலையை அது 0.01 விழுக்காடு பிசகாமல் பெருக்கித் தந்திருக்கும்.

இரவு கூட்டம் நிறைந்தபோது மற்றொரு காரணமும் புலப்பட்டது. விருந்தினர் பேச்சொலி உயர உயர, ஒலியையும் கூட்டச் சொன்னார்கள். 3 டெசிபல் கூட்ட இரு மடங்கு ஆற்றல் வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. இசையின் முகடுகள் அதன் சராசரியைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ உயர்பவை. ஆகவே 200 வாட் ஆம்ப்ளிபையர் சராசரியாக 20 வாட் கொடுக்கும்போதே முகடுகள் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் திருகினால் வெட்டுத்தான்.

அக்கூட்டத்தில் 0.1 விழுக்காட்டுச் சிதைவு கேட்குமா என்பதையும் கணக்கிடலாம். பாட்டு 90 டெசிபல் என்றால் சிதைவு 30 டெசிபல். மண்டபத்தில் மக்கள் பேசும் ஒலி மட்டுமே அதைவிடப் பன்மடங்கு உரத்தது. ஒலிபெருக்கிப் பெட்டியே உரத்த தாழ்சுரங்களில் 1 விழுக்காட்டுக்கு மேல் சிதைக்கக்கூடியது. ஆக, கடைக்காரர் கூறிய இரண்டு எண்களும் உண்மையே; ஆனால் எங்கள் குறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அப்பா இப்போது அறிவிப்பாளரின் ஒலிவாங்கியைச் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குத் தாழ்த்தி வைக்கிறார். முன்னால் இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்து அலறவிடாமல், மண்டபத்தின் நடுவில் மேலும் இரண்டு சிறிய பெட்டிகளை நிறுத்துகிறார். அருகில் ஒலிப்பதால் குறைந்த ஆற்றலே போதுமானதாகிறது. பழைய ஆம்ப்ளிபையர் இன்னும் உழைக்கிறது. கரகரப்பு என்று அதன்பின் யாரும் குறை கூறவில்லை.

முடிவுரை

கேட்போரால் ஒலிச்சிதைவை உணர முடியுமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஒழுங்காகச் செய்யப்பட்டு, தன் ஆற்றலுக்குள் இயங்கும் ஆம்ப்ளிபையரின் சிதைவு பெரும்பாலோருக்குக் கேட்பதில்லை. எல்லை மீறி முடுக்கப்பட்ட கருவியின் சிதைவு, பழகிய காதுக்கு உடனே கேட்கிறது. பழகாத காதுக்கும் கேட்கிறது, ஆனால் பெயர் சொல்லத் தெரிவதில்லை.

நம் கழகத்தின் கலை இரவுகளை நடத்தும் நண்பர்களுக்கும், பந்தல்களில் தொண்டாற்றும் முன்னாள் மாணவர்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, கருவியைக் குறைகூறுமுன் மிக்சரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். இரண்டாவது, அதனினும் முக்கியமானது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள், வேலையிடத்தில் 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பானது. பந்தலில் பெட்டிக்கு அருகே ஓரிரவு முழுவதும் நிற்கும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். பஞ்சுபோன்ற காதடைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

பாட்டு மூச்சு முட்டுவதை இன்றும் முதலில் கேட்பவர் என் அப்பாதான். ஆனால் சமையலறையில் அம்மாவின் கைத்தொலைபேசி மணி அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை. நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆம்ப்ளிபையரைப் பழுது பார்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். இழந்த செவித்திறனை அப்படி மீட்க முடியாது. மிச்சப்பட்ட பணத்தில் முதலில் வாங்கியது அவருக்கு இரண்டு சோடி காதடைப்பான்கள். இப்போது அவற்றை அணிந்துகொண்டுதான் மிக்சர் முன் அமர்கிறார்.